சமாரியரின் வாகனம்



சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்போர் ஓய்வுநாளில் வானில் உலாவி மகிழ்வது அமெரிக்காவில் வழக்கம். அவர்களுள் பலர், 2008இல் தொடங்கப்பட்ட ‘பைலட்ஸ் என் பாவ்ஸ்’ அமைப்பின் வழியாக, நெரிசல்மிகுந்த காப்பகங்களில் உயிராபத்திலுள்ள நாய்களைத் தம் செலவிலேயே புதிய இல்லங்களுக்கு ஏற்றிச்செல்கின்றனர்.

இதை மறையுரையில் கூறியபோது இரத்தினபுரித் தோட்டத்துத் தாயொருவர் கேட்டார்: “நாய்க்கு பிளேனா, சாமி? எங்க லயத்துல ராவுல வலி வந்தா ஆட்டோகூட வராதே!”

நியாயமான வேதனை. ஆயினும் இரக்கம் பங்கிட்டால் குறையும் பண்டமன்று. கேகாலையின் பின்னவலையில் தாயிழந்த யானைக்குட்டிகளுக்கு 1975இல் காப்பகம் அமைத்த நாடு நம்முடையது. சிட்டுக்குருவியையும் மறவாத தந்தை நம்மை மறப்பாரோ?

காயமுற்றவனைத் தம் விலங்கின்மீது ஏற்றிய சமாரியர், தாம் நடந்தே சென்றிருப்பார். அவ்விமானிகளும் தம் உல்லாசப் பயணத்தையே பிறவுயிர்க்கு விட்டுக்கொடுக்கின்றனர்.

இன்று நம் லயங்களிலும் முச்சக்கரவண்டிகள் உண்டு. ஞாயிறன்று உறவினர் வீட்டுக்கு ஓடும் வண்டி, நள்ளிரவில் அயலார் கதவைத் தட்டும்போதும் புறப்படுமா? பங்கு இல்லத்து வாகனமும் இக்கேள்விக்கு விலக்கல்ல.

நம் வண்டியில் ஓர் இருக்கையை ஆண்டவருக்கென ஒதுக்குவோம். அவர் நோயாளியாக வந்து ஏறுவார்.