நூலறுந்தால் எரியும் விளக்கு

நிட்டிங் எந்திரத்தைச் சுற்றி வளையமாக நிற்கும் சிறு விளக்குகளைத் திருப்பூர் வட்டாரத்தார் நன்கறிவர். ஓரிழை அறுந்தால் எந்திரம் நிற்கும். அந்த இழைக்குரிய விளக்கு எரியும். ஆள் வந்து முடிச்சிட்டு மீண்டும் ஓட்டுவார். நுண்கட்டுப்படுத்தி எனப்படும் மைக்ரோகண்ட்ரோலர் பலகைக்கு ஒருவர் எழுதும் முதல் நிரலும் ஏறத்தாழ இதுவேயாகும். விசையை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும், அவ்வளவே. ஆயினும் ஷிப்ட் முழுதும் அவ்விளக்குகளின் கீழ் நிற்கும் இளைஞருக்குப் பக்கத்திலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி பூட்டிய பெட்டியாகவே இருந்துவிடுகிறது.

அவிநாசிபாளையத்தில் காலை வேளையில் சாலையோரம் நின்றால் பனியன் கம்பெனி வண்டிகளையும் பள்ளிப் பேருந்துகளையும் ஒருங்கே காணலாம். இரண்டிலும் அமர்ந்திருப்போர்க்கிடையே வயது வேறுபாடு சிலபோது இரண்டு மூன்றாண்டுகளே. பேருந்திலிருந்து வண்டிக்கு மாறுவதற்குள் அந்தப் பெட்டியின் உள்ளே நடப்பது இன்னதென்று அப்பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்பது நம் கருத்து. அதற்கு ஏற்ற வழி ஸ்கிரிப்ட் மொழியில் தொடங்குவது. விளக்கத்தைத் தமிழில் தருவது.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். சிக்கலின் பாதி மொழிச் சிக்கல் என்பதே நம் விடை.

சி மொழியில் எழுதுவது ஒரு நூலை முழுதும் மொழிபெயர்த்து அச்சிட்டபின் வாசகரிடம் கொடுப்பது போன்றது. ஓரிடத்தில் பிழை நேர்ந்தால் திருத்தி, மறுபடி முழுவதையும் அச்சேற்ற வேண்டும். ஸ்கிரிப்ட் மொழியோ பக்கத்தில் நிற்கும் துபாஷி. ஒரு வரி சொன்னால் அக்கணமே பலகை அதைச் செய்கிறது, அல்லது ஏன் செய்யவில்லை என்று சொல்கிறது. கற்கத் தொடங்குவோர்க்கு இந்த உடனடி மறுமொழி பெரும் துணை. 1984-இல் நடுவணரசு தொடங்கிய க்ளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோ கணினிகளும் பேசிக் மொழியில் இவ்வாறே உரையாடின. சில்லறை விலைப் பலகைகளுக்கு அவ்வசதி வர நெடுங்காலமாயிற்று. ஆஸ்திரேலியரான டேமியன் ஜார்ஜ் 2013-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி உருவாக்கிய மைக்ரோபைத்தான் அதைக் கொண்டுவந்தது. 2016-இல் பிரிட்டனில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மாணவருக்கு இலவசமாக வழங்கப்பட்ட மைக்ரோபிட் பலகையிலும் அது இயங்கிற்று.

2021 சனவரியில் நான்கு டாலர் விலையில் வெளியான ராஸ்பெரி பை பிக்கோவை எடுத்துக்கொள்வோம். நம்மூரில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 264 கிலோபைட் நினைவகம். இன்றைய கைப்பேசியோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. பலகையிலுள்ள சிறு பொத்தானை அழுத்தியபடி யு.எஸ்.பி. கம்பியைச் செருகினால் அது ஒரு பென் டிரைவ் போலக் கணினியில் தோன்றும். மைக்ரோபைத்தான் கோப்பை அதில் போட்டுவிட வேண்டும். பலகை தானே மறுதொடக்கம் கொள்ளும். பின்னர் எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான தோனி என்னும் இலவச மென்பொருளைத் திறந்து, பலகையோடு நேரே பேசலாம். 2011 முதல் அரசு வழங்கிய மடிக்கணினிகளுள் இன்னும் உயிரோடிருப்பவை இதற்குப் போதும்.

இலக்கிய வாசகர்க்குச் சுவை தரும் செய்தி ஒன்று உண்டு. மைக்ரோபைத்தானில் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரே சூட்டலாம். முதல் பிக்கோவில் பலகை விளக்கு 25-ஆம் பின்னில் இணைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு 'விளக்கு' என்று தமிழெழுத்திலேயே பெயரிட்டால் பலகை மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். வரியின் தொடக்கத்து இடைவெளியே இம்மொழியில் இலக்கணம் என்பதும் நமக்கு அந்நியமன்று. புள்ளியிடாத ஏட்டுச்சுவடியைப் பிரித்துப் படித்தவர்க்கு, இடம் மாறினால் பொருள் மாறும் என்பதை யார் சொல்லித்தர வேண்டும்?

ஆங்கிலம் வராத பிள்ளை நிரல் எழுத முடியாது என்போருடன் நாம் உடன்படவில்லை. பைத்தானின் கட்டளைச் சொற்கள் 35 அளவில்தான். ஓவர்லாக், கட்டிங், செக்கிங், பீஸ் ரேட் என்று நாளெல்லாம் பேசும் ஊர் இது. பொத்தான் துளைக்கு நாம் சொல்லும் காஜா போர்த்துக்கீசியச் சொல். அதை எவரும் இலக்கணம் படித்துக் கற்கவில்லை. கட்டளைச் சொற்களையும் தமிழாக்கி, 'பதிப்பி' என்றால் திரையில் எழுதிக்காட்டும் எழில் மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கினார், அவ்வுழைப்பை மதிக்கிறோம். எனினும் பலகைக்கு வரும்போது, 35 சொற்களை மாற்றுவதைவிட அவற்றைச் சுற்றி எழுதப்படும் விளக்கவுரை தமிழில் இருப்பதே முதல் தேவை என எண்ணுகிறோம்.

சி மொழியே முறை, மற்றது விளையாட்டு என்பது இன்னொரு தரப்பு. விரைவும் நுண்ணிய காலக் கணக்கும் வேண்டுமிடத்தில் அவர்கள் சொல்வது சரியே. ஆனால் நிட்டிங் எந்திரம் நிமிடத்துக்கு 25, 30 சுற்றுச் சுற்றுகிறது. மைக்ரோபைத்தானோ நொடிக்குப் பல்லாயிரம் கட்டளைகளை முடிக்கும். இழை அறுந்ததைச் சொல்ல இது தாராளம்.

2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் பள்ளி ஒன்றுக்கு 20 இலட்சம் ரூபாய் வரை ஒதுக்கப்படுகிறது. நாம் சென்று பார்த்த ஓர் ஆய்வகத்தில் பலகைகள் உறை பிரிக்கப்படாமல் கண்ணாடி அலமாரியில் இருந்தன. கெட்டுவிடும் என்றார்கள். கெடட்டுமே! இதே திருச்சி சாலையில் சூலூரை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, பள்ளிப்படிப்பு அதிகமில்லாதவர், மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிக் கழற்றிப் பூட்டித்தான் எந்திரம் கற்றார். சில நூறு ரூபாய்ப் பலகையை அலமாரியில் பூட்டுவது எவ்வகைச் சிக்கனம் என்று விளங்கவில்லை. (வீட்டு மின்சாரத்தையும் மோட்டார் ஸ்டார்ட்டரையும் பிள்ளைகள் தொடக்கூடாது, கணினியின் யு.எஸ்.பி. மின்சாரமே போதும். பிக்கோவின் பின்களில் 3.3 வோல்ட்டுக்கு மேல் செலுத்தலாகாது.)

ஆகவே நாற்பது பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு வேண்டும். மின்னணு தெரிந்தவர் ஒருவரும் தமிழ் எழுதத் தெரிந்தவர் ஒருவரும் சேர்ந்து எழுதினால் ஒரு கோடை விடுமுறையில் முடியும். பலகை காட்டும் ஆங்கிலப் பிழைச் செய்திகளுக்கு அதில் தனி அத்தியாயம் வேண்டும். பிள்ளைகள் மிரண்டு எழுந்து போவது அங்கேதான். எந்த வரியில் பிழை என்று பலகையே எண் சொல்கிறது என்பதை முதலில் காட்டிவிட்டால் பாதி அச்சம் போய்விடும். எழுத முன்வருவோர்க்கு ஒரு வேண்டுகோள்: பின்னை 'மின்முனை' ஆக்க வேண்டாம். பின் என்றே எழுதுங்கள். அது எல்லோருக்கும் தெரிந்த சொல்.