கணினி மாற்றமும் சங்கத்தின் கடமையும்

2025 டிசம்பர் மாதத்தில் நெசவாளர் சங்கம் ஒன்றிற்கு ஆய்வுக்குச் சென்றிருந்தேன். சங்கத்தின் பெயரும் ஊரும் இங்கு வேண்டுவதில்லை. அங்கு நிகழ்ந்தது எச்சங்கத்திலும் நிகழக்கூடியதே. நான் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கையில், எழுபது வயதைக் கடந்த அங்கத்தினர் ஒருவர் வந்து வாயிற்படியருகில் நின்றார். கண் பார்வை குன்றியதால் தறியை விட்டு இறங்கியவர். பல ஆண்டுகளாகத் தம் கூலியில் பிடித்தம் செய்த சேமிப்பைக் கணக்கு முடித்துத் தருமாறு கேட்க மூன்றாம் முறையாக வந்திருந்தார். காரியதரிசி என் முகத்தைப் பார்க்கத் தயங்கினார். பேரேட்டில் சேமிப்பின் மொத்தத் தொகை இருந்தது. ஆளுக்கு எவ்வளவு என்ற விவரமோ 2017 முதல் கணினியில் எழுதப்பட்டுவந்த கூலிப் பட்டியலில் மட்டுமே இருந்தது. நவம்பரில் கணினிக்குப் புதிய இயங்குதளம் போட்டபோது அப்பட்டியல் அழிந்துபோயிற்று. பெரியவரின் பாஸ் புத்தகத்திலோ பாதித் தாள்களைக் கரையான் தின்றிருந்தது.

அவர் என் பக்கம் திரும்பி, "சார், கணக்கு இல்லேன்னா நான் நெய்யவே இல்லேன்னு ஆயிடுமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்டார். அன்று என்னால் விடை கூற முடியவில்லை.

நடந்தது என்னவென்று விசாரித்தேன். சங்கத்தின் கணினியில் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளம் இருந்தது. அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே விண்டோஸ் 11 க்கு மாறுவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. அம்முடிவில் குறை காண்பதற்கில்லை. பக்கத்து நகரத்திலிருந்து கணினி பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். "உங்க பைல் எல்லாம் அப்படியே இருக்கும்" என்று சொல்லியே வேலையைத் தொடங்கினார். ஆனால் சங்கத்தின் கணினி பழையது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு முதலியவை அதில் இல்லாமையால், மேம்பாடு பாதியிலேயே மறுக்கப்பட்டது. அவர் அதற்கொரு குறுக்கு வழி அறிந்திருந்தார். கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, வட்டை அழித்து, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிட்டார். டி டிரைவில் இருந்தவை பிழைத்தன. ஆவணங்கள் என்ற பெயருள்ள கோப்புறையை முன்கூட்டியே படி எடுத்திருந்ததால் அதுவும் பிழைத்தது. டெஸ்க்டாப்பில் இருந்தவற்றை ஒருவரும் நினைக்கவில்லை. கூலிப் பட்டியல் அங்கேதான் இருந்தது. வடிவமைப்பாளர் ஏழெட்டு ஆண்டுகளாக வரைந்து சேர்த்த கரை, முந்தானை டிசைன்களும் அங்கேதான் இருந்தன.

நெசவு அறிந்த அன்பர்களுக்கு இதை ஒரு சொல்லில் விளக்கலாம். ஒரு பாவு முடிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? பழைய பாவின் முனையை விழுதிலும் அச்சிலும் விட்டுவைத்து, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு பிணைக்கிறோம். இயங்குதளத்தை மேம்படுத்துதல் என்பது இத்தகைய பிணைப்பு. வட்டை அழித்துப் புதிதாகப் போடுதல் என்பது பழைய பாவை அறுத்தெறிந்துவிட்டுத் தறியை வெறுமையாக்குவது. இரண்டும் முடிந்தபின் திரையில் தோன்றும் காட்சி ஏறக்குறைய ஒன்றே. ஆதலால் எது நடந்தது என்பது, தேடிய கோப்பு கிடைக்காதபோதுதான் நமக்குத் தெரியவருகிறது.

முறையாக மேம்படுத்தும்போது, சொந்தக் கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்வதா, கோப்புகளை மட்டும் வைத்துக்கொள்வதா, ஒன்றும் வேண்டாமா என்று கணினி கேட்கும். அக்கேள்விக்கு விடையளிக்க வேண்டியவர் யார்? நம் சங்கங்கள் பெரும்பாலானவற்றில் வெளியிலிருந்து வந்தவரே விடையளிக்கிறார். அவ்வேளையில் காரியதரிசி பாவு நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார், அல்லது தேநீர் வாங்கிவர ஆளனுப்பிக்கொண்டிருப்பார்.

தேர்ந்த கைகளில் இத்தவறு நேராது என்று எண்ணிவிட வேண்டாம். 2018 அக்டோபர் 2 ஆம் தேதி மைக்ரோசாப்ட் நிறுவனமே வெளியிட்ட விண்டோஸ் 10 இன் 1809 என்னும் பதிப்பு, சிலருடைய கணினிகளில் அவர்களின் சொந்தக் கோப்புகளை அழித்துவிட்டது. காரணம் நாம் ஊன்றி அறியத்தக்கது. ஆவணங்கள், படங்கள் முதலிய கோப்புறைகளைச் சிலர் சி டிரைவிலிருந்து வேறு டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தனர். மாற்றியபின் பழைய இடத்தில் வெறுங்கோப்புறை ஒன்று தேவையின்றி நிற்கிறது என்று முன்பு முறையீடுகள் வந்திருந்தன. அதனை அகற்றுவதற்காக எழுதிய நிரல், பழைய இடத்தில் உண்மையாகவே கோப்புகள் எஞ்சியிருந்த கணினிகளிலும் கோப்புறையைக் கோப்புகளோடு சேர்த்து அகற்றிவிட்டது. வெளியீடு நான்கே நாட்களில் நிறுத்தப்பட்டது. திருத்திய பதிப்பு நவம்பர் 13 ஆம் தேதிதான் மீண்டும் வெளிவந்தது. வெளியீட்டுக்கு முன்பே சோதனைப் பதிப்பைப் பயன்படுத்திய சிலர் இவ்விழப்பை அறிவித்திருந்தனர். ஆயினும் அவ்வறிவிப்புகளை வழிமொழிந்தோர் மிகச் சிலரே என்பதால், அவை குவியலின் அடியில் கிடந்தன. இதன்பிறகே இழப்பு எவ்வளவு கடுமையானது என்பதையும் குறிப்பிட அந்நிறுவனம் வழி செய்தது.

பாதிக்கப்பட்டோர் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவினரே என்று அந்நிறுவனம் அப்போது தெரிவித்தது. பெருவணிகத்துக்கு அது சிறிய எண்ணாக இருக்கலாம். ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்று நடத்தப்படும் நம் சங்கங்களில் அக்கணக்கு செல்லாது. இங்கே அந்த ஒருவர் வாயிற்படியில் வந்து நிற்பார்.

தொலைந்ததெல்லாம் அழிந்ததாகவும் கொள்ள வேண்டியதில்லை. 2020 பிப்ரவரியில் வந்த ஒரு திருத்தத்தின்போது சிலருடைய திரை வெறுமையாயிற்று. கணினி அவர்களைத் தற்காலிகமான வேறொரு கணக்கில் நுழையவிட்டிருந்தது. கோப்புகள் பெயர் மாறிய கோப்புறையில் பத்திரமாகவே இருந்தன. மேலும், முறையாக மேம்படுத்திய கணினியில் பழைய இயங்குதளம் 'விண்டோஸ் ஓல்டு' என்ற கோப்புறையில் பத்து நாட்கள் இருக்கும். அதன்பின் தானே நீங்கிவிடும். ஆகவே கோப்பைக் காணோம் என்றவுடன் அக்கணினியில் வேறெதையும் எழுதாமல் நிறுத்திவிடுவதே முதற்கடன். அழித்த கோப்பின் இடம் 'காலி' என்று குறிக்கப்படுகிறதேயன்றி, உடனே துடைக்கப்படுவதில்லை. அதன்மேல் புதிதாக ஒன்றை எழுதினால்தான் மீட்க இயலாமற்போகிறது. (இக்காலத்து எஸ்.எஸ்.டி. வட்டுகளில் இந்த நம்பிக்கையும் குறைவு. அவை காலி இடத்தைத் தாமே விரைவில் துடைத்துக்கொள்வன.) நான் கூறிய சங்கத்தில் விஷயம் தெரியவந்தது மூன்று வாரங்கள் கழித்து. அதற்குள் தீபாவளி விற்பனைக் கணக்கு முழுவதையும் அதே வட்டில் எழுதி முடித்திருந்தார்கள்.

விவசாயிகளின் கடன் சங்கங்களுக்கு இக்கவலை இல்லையென்று சிலர் கருதுகின்றனர். 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. அதன்படி கணக்குகள் பொது மென்பொருளின் வழியே வெளியிடத்திலுள்ள சர்வரில் சேர்கின்றன. நல்லதே. ஆனால் அங்கத்தினர் கொடுத்த சிட்டா, அடங்கல் நகல்களின் படங்களும், பயிர்ச் சேதத்துக்காக எழுத்தர் தம் வசதிக்கு எழுதிவைத்த பட்டியலும், உர இருப்பின் அன்றாடக் குறிப்பும் எங்கே இருக்கின்றன? பல இடங்களில் டெஸ்க்டாப்பில்தான். சர்வர் காப்பது சர்வருக்குச் சென்றதை மட்டுமே. ஒன் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் போட்டிருக்கிறோம் என்போரும் ஒன்றை நினைவிற்கொள்க. அது கணினியில் உள்ளதை அப்படியே பிரதிபலிப்பது. இங்கே அழித்தால் அங்கும் அழியும். மீட்பதற்கு உள்ள காலமும் அளவுபட்டதே.

இவற்றையெல்லாம் கேட்டு, "அப்படியானால் பழையபடி பேரேட்டுக்கே போய்விடுவோம்" என்று ஒரு நிர்வாகக் குழு உறுப்பினர் என்னிடம் கூறினார். அதற்கு நான் உடன்படேன். கரையான் தின்ற பாஸ் புத்தகத்தைச் சற்றுமுன் பார்த்தோம். வெள்ளத்தில் ஊறிய பேரேடுகளை வெயிலில் உலர்த்திய சங்கங்களையும் நாம் அறிவோம். காகிதத்தில் ஒரு பிரதி எடுக்க ஒரு மாதம் ஆகும். கணினியில் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல் காகிதத்தைப் புகழ்வது முறையன்று.

நான் வற்புறுத்துவது இது: கணினியை மாற்றும் வேலை வெளியாருடையதாக இருக்கலாம், கோப்பைக் காக்கும் வேலை சங்கத்தினுடையது. எந்தக் கோப்பு எங்கிருக்கிறது என்று வந்தவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. கூலிப் பட்டியல் எழுதும் எழுத்தரையும், டிசைன் வரைபவரையும் உட்காரவைத்து, அவரவர் எங்கே சேமிக்கிறார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு பிரதிகள். அவற்றுள் ஒன்று சங்கக் கட்டடத்துக்கு வெளியே, பொறுப்பான ஒருவரிடம், பூட்டில் இருத்தல் வேண்டும். அங்கத்தினரின் ஆதார் நகல்களும் அதில் இருக்குமாதலால் கடவுச்சொல் இன்றியமையாதது. பிரதி எடுத்தாயிற்று என்ற சொல்லை மட்டும் ஏற்கலாகாது. அப்பிரதியை வேறொரு கணினியில் செருகி, ஏதேனும் ஓர் அங்கத்தினரின் கணக்கைத் திறந்து படித்துப் பார்த்தபின்னரே, காரியதரிசியும் ஒரு குழு உறுப்பினரும் கையொப்பமிட்டு வேலையைத் தொடங்க அனுமதிக்கலாம்.

இவையனைத்திலும் எளிய வழி ஒன்றுண்டு. அதை ஏனோ ஒருவரும் செய்வதில்லை. சில ஆயிரம் ரூபாயில் புதிய வட்டு ஒன்று வாங்கி, புதிய இயங்குதளத்தை அதில் போடச் சொல்லிவிட்டு, பழைய வட்டைக் கழற்றி ஒரு தணிக்கை முடியும்வரை அலமாரியில் வைத்துவிடலாம். பழைய வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் பிட்லாக்கர் என்னும் பூட்டின் 48 இலக்க மீட்பு எண்ணையும் எழுதி உடன் வைக்க வேண்டும். இல்லையேல் வட்டு கையிலிருந்தும் திறவாது.

காரியதரிசியை மட்டும் குறை கூறிவிட்டு இக்கட்டுரையை முடித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அதே சங்கத்தில் 2025 ஜூன் மாதம் நான் எழுதிய ஆய்வுக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். "கணினிப் பதிவுகள் முறையாகப் பராமரிக்கப்படுகின்றன" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. எதைப் பார்த்து அவ்வாறு எழுதினேன்? கணினி துணியால் மூடப்பட்டுத் தூசியின்றி இருந்ததைப் பார்த்து எழுதினேன் போலும். இப்போது நான் செல்லும் சங்கங்களில் பிரதியைக் கொண்டுவரச் சொல்லி, நான் குறிப்பிடும் அங்கத்தினரின் பெயரைத் திறந்து காட்டுமாறு கேட்கிறேன். சில இடங்களில் முகம் சுளிக்கிறார்கள். ஓரிடத்தில் பென் டிரைவைத் தேடவே ஒரு மணி நேரம் ஆயிற்று. கிடைத்தபின் திறந்தால் அதில் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் படங்கள் இருந்தன.

அந்தப் பெரியவரின் கணக்குக்கு வருவோம். டிசைன்களில் ஒரு பகுதி, தறிகளின்மேல் ஜக்கார்டு அட்டைகளாகத் தொங்கிக்கொண்டிருந்ததால் மீண்டது. அட்டை அடிக்காதவை போனவை போனவையே. கூலிப் பட்டியலுக்கு, பாவு கொடுத்து வாங்கும் பதிவேடு ஒன்று பழைய பீரோவில் கிடைத்தது. எந்தத் தேதியில் எவருக்கு எந்தப் பாவு, எத்தனை புடவை என்று அதில் இருக்கிறது. எழுத்தர் அம்மையார் மாலை நேரங்களில் அமர்ந்து, அந்தந்த ஆண்டின் கூலி விகிதத்தால் பெருக்கி, பிடித்தத்தை வருடவாரியாகக் கட்டி வருகிறார். 2021 வரை முடிந்து, பெரியவருக்கு அதுவரை உள்ள தொகை வழங்கப்பட்டுவிட்டது. 2022 ஆம் ஆண்டுக்குரிய பதிவேட்டை இன்னும் தேடுகிறார்கள்.