மூலையில் ஓர் எக்ஸ்பி

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனால், டிடிபி கடை மூலையில் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். 2001-ல் வந்தது, 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவியது. தமிழக அரசே அப்போது தன் அலுவலகங்களை சி-டாக்கின் 'பாஸ்' லினக்ஸுக்கு மாறச் சொன்னது.

கடைக்காரரைக் கஞ்சர் என்று நினைக்காதீர்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டில், பேஜ்மேக்கரில் செய்துவைத்த நூற்றுக்கணக்கான பத்திரிகைகள்தான் அவர் சொத்து. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால், 'நிகழும் மங்களகரமான' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கும். மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போனால் சம்பந்தி வீட்டுக்கு யார் பதில் சொல்வது?

பழசை வைத்திருப்பது தப்பில்லை. அதில் இன்டர்நெட்டை இணைப்பதுதான் வம்பு. புதிய ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. நாம் நீட்டும் பென்டிரைவும் (அதில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வருகிறதோ!) அதே வம்புதான்.

நம் வீடுகளிலும் இதே கதை வந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. கல்யாண ஆல்பம், குழந்தைகளின் போட்டோக்களை முதலில் வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். பழைய கம்ப்யூட்டரில் பாட்டு கேளுங்கள். பேங்க் பாஸ்வேர்டை மட்டும் தட்டாதீர்கள்.