எர்த் இருக்குதுங்களா?

சென்னிமலை, பெருந்துறை, காங்கேயம் பக்கம் மின்சாரக் கார் வாங்கியவர்கள் முதல் வெளியூர்ப் பயணத்துக்குக் கிளம்பும்போது தவறாமல் கேட்கும் கேள்வி, "எந்த அடாப்டரை வாங்கி வண்டியில் போட்டுக்கொள்வது?" என்பதுதான். தைப்பூசத்துக்குப் பழனி போகிறவருக்கும், குடும்பத்தோடு திருச்செந்தூர் கிளம்புகிறவருக்கும், ஊட்டியில் இரண்டு நாள் தங்க நினைப்பவருக்கும் அதே கவலை. இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கும் அடாப்டர் கிடைக்கிறது, பல்லாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற பொருள் இது இல்லை. பயணத்தில் கார் எந்தச் சுவரில் போய் நிற்கும் என்பதைப் பார்த்துத்தான் இதை வாங்க வேண்டும்.

அமெரிக்காவில் இதே கேள்விக்கு வேறு அர்த்தம். அங்கே சார்ஜிங் தலையில் டெஸ்லாவுக்கு ஒரு வடிவம், மற்ற பெரும்பாலான கம்பெனிக் கார்களுக்கு சிசிஎஸ்1 என்று இன்னொரு வடிவம் இருந்து வந்தது. 2023 மே மாதம் ஃபோர்டு நிறுவனம் டெஸ்லாவின் வேக சார்ஜர்களைத் தன் வாடிக்கையாளர்களும் பயன்படுத்த ஒப்பந்தம் செய்தது. அடுத்த மாதமே ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்துகொண்டது. ஏற்கெனவே சாலையில் ஓடும் கார்களுக்கு அடாப்டர் இல்லாமல் அந்த வசதி கிடைக்காது. பெரிய நிறுவனம் கொடுத்தால் குறையிருக்காது என்றும் சொல்ல முடியவில்லை. சார்ஜிங் வேகம் குறையலாம், காரின் போர்ட் சேதமாகலாம் என்று 2024 அக்டோபரில் ஃபோர்டே தான் அனுப்பிய அடாப்டர்களில் ஒரு பகுதியைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும் இடத்தில் நடுவே ஒரு இணைப்பைச் சேர்ப்பது சின்ன வேலை இல்லை.

நமக்கு அந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. ஐரோப்பா 2014-லேயே சட்டமாக்கிய, ஏசி சார்ஜுக்கான டைப் 2, டிசி வேக சார்ஜுக்கான சிசிஎஸ்2 வடிவங்களைத்தான் இந்தியக் கார்களும் பின்பற்றுகின்றன. 2020 ஜனவரியில் வந்த நெக்ஸான் இவி, எம்ஜி இசட்எஸ் தொடங்கி, தூத்துக்குடியில் 2025-ல் ஆலை திறந்த வின்ஃபாஸ்ட் வரைக்கும் எல்லாமே சிசிஎஸ்2. வேக சார்ஜர் நிலையத்தில் கேபிளின் தலையான கன்னை எடுத்துச் செருகினால் முடிந்தது. ஆகவே டிசி வேக சார்ஜுக்கென்று அடாப்டர் எதையும் வாங்க வேண்டியதில்லை.

ஆனாலும் விற்கிறார்கள். காரணம் பழைய சார்ஜர்கள். 2017-ல் மத்திய அரசு "பாரத் டிசி-001" என்று ஒரு தரத்தை வகுத்தது. 15 கிலோவாட் திறன், சீனாவின் ஜிபி/டி வடிவத் தலை. அப்போது அரசு அலுவலகங்களுக்கென வாங்கிய மகிந்திரா இ-வெரிட்டோ, டாடா டிகோர் கார்களுக்காக வந்த தரம் அது. அந்தக் கார்களின் பேட்டரி 72 வோல்ட் அளவில் இருந்தது. சார்ஜர் கொடுப்பதும் 100 வோல்ட்டுக்குள்தான். நெக்ஸானின் பேட்டரியோ 300 வோல்ட்டுக்கு மேல். இரண்டுக்கும் நடுவே எந்த அடாப்டரை மாட்டினாலும் ஒரு யூனிட் கூட ஏறாது. அடாப்டர் வடிவத்தை மாற்றும், வோல்டேஜை மாற்றாது. போதாததற்கு, ஜிபி/டி சார்ஜர் காரோடு பேசும் மின்மொழி வேறு, சிசிஎஸ்2 பேசும் மொழி வேறு. இது தெரியாமல் வாங்கியவர்களின் பணம் டிக்கியில் சும்மா கிடக்கிறது.

சேலம்–கோவை–கொச்சி நெடுஞ்சாலை 544 பெருந்துறை வழியாகத்தான் போகிறது. அந்தப் பாதையில் ஓடுகிறவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸியான் சார்ஜிங் முதல் எண்ணெய் நிறுவனங்கள் வரை பலரும் வேக சார்ஜர்களை வைத்திருக்கிறார்கள். சென்னை–திருச்சி–மதுரை சாலையில் பாரத் பெட்ரோலியம் 2022 மார்ச்சிலேயே வரிசையாகச் சார்ஜர்களைத் திறந்தது. நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்று மத்திய மின்துறை 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலே சொன்னது. சிக்கல் தொடங்குவது நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பும்போது. உறவினர் வீட்டுக் காதுகுத்து, குலதெய்வக் கோயில், தாராபுரத்தைத் தாண்டி ஒரு தோட்டத்துச் சாளையில் இரவு தங்கல் என்று கொங்குநாட்டுப் பயணங்களில் பாதி இப்படித்தான் முடிகின்றன. அங்கே இருப்பது சுவரில் ஒரு பவர் பிளக். அடாப்டர் பற்றிய உண்மையான யோசனை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் டிக்கியில் இருக்க வேண்டியவை மூன்றே பொருள்கள். முதலாவது, 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டும் போர்ட்டபிள் சார்ஜர். பல கார்களோடு இது வந்துவிடும். தனியாக வாங்குகிறவர்கள் ஆம்பியரை 6, 8, 10, 13 என்று குறைக்கும் பட்டன் உள்ளதைப் பார்த்து வாங்குவது நல்லது. பழைய வீட்டு வயரிங்கில் பத்து ஆம்பியரில் இரவு முழுக்க நிதானமாக ஏற்றலாம். காலையில் கொஞ்சம் குறைவாக ஏறியிருந்தாலும் வீட்டுக்காரரின் வயருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இரண்டாவது, இரண்டு பக்கமும் டைப் 2 தலை உள்ள கேபிள். சில ஏசி சார்ஜர்களில் கன் தொங்காது, வெறும் சாக்கெட்தான் இருக்கும். அங்கே நம் கேபிள்தான் உதவும். இந்தக் கேபிளுக்குள் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. தலைக்குள் சின்ன ரெசிஸ்டர் ஒன்று வைத்திருப்பார்கள். அது 680 ஓம் என்றால் கேபிள் 20 ஆம்பியர் தாங்கும், 220 ஓம் என்றால் 32 ஆம்பியர் தாங்கும் என்று சார்ஜரும் காரும் புரிந்துகொள்ளும். கேபிள் தாங்காத மின்சாரத்தை அவை எடுக்காது. சாதாரண மூன்று பின் கன்வெர்ட்டருக்கு இப்படிச் சொல்லத் தெரியாது. எவ்வளவு கேட்டாலும் கொடுத்துக்கொண்டே இருந்து கடைசியில் உருகும்.

மூன்றாவது, நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக்கை 15 ஆம்பியர் சாக்கெட்டாக மாற்றும் குட்டைக் கேபிள். பழைய பாரத் ஏசி-001 சார்ஜர்களிலும் சில பட்டறைகளிலும் இந்த நீல சாக்கெட் இருக்கும். இது இல்லாவிட்டாலும் பயணம் நடந்துவிடும், இருந்தால் ஒரு வழி கூடுதல்.

இனி அந்தச் சுவருக்கு வருவோம். நம் வீடுகளில் இருக்கும் உருண்டைப் பின் பிளக், 1934-ல் பிரிட்டனில் வந்த தரத்தின் வாரிசு. பிரிட்டன் 1947-லேயே ஃபியூஸ் வைத்த சதுரப் பின்னுக்கு மாறத் தொடங்கிவிட்டது, நாம் உருண்டைப் பின்னோடு தொடர்ந்தோம். இன்றைய இந்தியத் தரம் ஐஎஸ் 1293 அதில் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று இரண்டு அளவை வைத்திருக்கிறது. நாம் இன்னும் 15 ஆம்பியர் என்றே சொல்கிறோம். அந்தப் பெரிய பிளக் அயர்ன் பாக்ஸுக்கும் கீசருக்கும் போட்டது. அவை கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். கார் அப்படி இல்லை. அந்தப் பிளக்கிலிருந்து அது எடுக்கும் 3.3 கிலோவாட் என்பது ஏறக்குறைய நாலரை குதிரைத் திறன். தோட்டத்துக் கிணற்றில் ஓடும் ஐந்து ஹெச்பி மோட்டாரை வீட்டுச் சுவர் பிளக்கில் மாட்டி விடியவிடிய ஓட்டுவது மாதிரி அது. மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் என்ன, கேபிள் என்ன என்று அவ்வளவு பார்த்துச் செய்கிற ஊர், காருக்கும் அந்தக் கவனத்தைக் கொடுக்க வேண்டும்.

தளர்ந்துபோன பிளக் பாயிண்ட்டில் ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை சேர்ந்தாலே போதும். 15 ஆம்பியர் பாயும்போது அந்த ஒரு பின்னிலேயே 22 வாட் சூடு உருவாகும். எட்டு மணி நேரம் அது விடாமல் சுட்டுக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக் கருகுவதில் வியப்பில்லை. ஆகவே சார்ஜ் போட்டு அரை மணி கழித்து பிளக் டாப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் ஆம்பியரைக் குறைக்க வேண்டும், அல்லது நிறுத்திவிட வேண்டும். சின்ன 6 ஆம்பியர் பாயிண்ட்டில் பெரிய பிளக்கை மாட்ட உதவும் கன்வெர்ஷன் பிளக் எந்த மின்சாதனக் கடையிலும் கிடைக்கும். காருக்கு அதை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தக் கூடாது. அந்தப் பாயிண்ட்டுக்கு இழுத்திருக்கும் வயர் விளக்குக்கும் விசிறிக்கும் போட்டது. எக்ஸ்டென்ஷன் வயர் தேவைப்பட்டால் தடித்த செப்புக் கம்பி வேண்டும், சுருளை முழுவதும் பிரித்துப் போட வேண்டும். சுருட்டிய நிலையில் வயர் தன் சூட்டைத் தானே உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும்.

எல்லாம் சரியாக இருந்தும் பல வீடுகளில் போர்ட்டபிள் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

"ஏனுங்க, இந்த பாயிண்ட்டுக்கு எர்த் இருக்குதுங்களா?" என்று கேட்டால், "மூணு ஓட்டை இருக்குதுங்களே" என்ற பதில் வரும். ஓட்டை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. வீடு கட்டிய காலத்தில் வயர் மிச்சம் பிடிக்க எர்த் கம்பியை இழுக்காமல் விட்டிருப்பார்கள். இழுத்திருந்தாலும், கரியும் உப்பும் போட்டு மூடிய எர்த் குழி பல கோடைகளாகத் தண்ணீர் காணாமல் காய்ந்திருக்கும். மிக்ஸியும் டிவியும் இதைப் பொருட்படுத்தாமல் ஓடிவிடும். காரின் சார்ஜர் ஓடாது. மின்சாரம் கொடுக்கும் முன் எர்த் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக, தடிமனாக இருப்பதும் இதே அக்கறையால்தான். செருகும்போது அது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும்.

இந்த இடத்தில்தான் சந்தையில் ஒரு ஆபத்தான பொருள் நுழைகிறது. எர்த் இல்லாத இடத்திலும் சார்ஜ் ஆகும் என்று சொல்லி விற்கும் பிளக். உள்ளே இருப்பது நியூட்ரலையும் எர்த் பின்னையும் இணைக்கும் ஒரு துண்டுக் கம்பியோ ரெசிஸ்டரோதான். சார்ஜர் ஏமாறும், பச்சை விளக்கு எரியும். கம்பி வைத்து இணைத்த பிளக்கில், வெளியே எங்காவது நியூட்ரல் கம்பி அறுந்தால் காரின் உடம்பு முழுவதும் மின்சாரம் வந்து நிற்கும். நம் ஊர்களில் காற்றடித்தால் நியூட்ரல் போவது புதிதில்லை. மழை நாளில், ஈர மண்ணில் வெறுங்காலோடு ஒரு குழந்தை காரின் கதவைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை விற்கிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். மின்சாரக் காருக்கென விற்கும் பொருள்களில் உடனே தடை செய்ய வேண்டியது எது என்றால் இதுதான்.

இதற்குப் பதில், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டரை டேஷ்போர்டில் போட்டு வைக்கலாம். எர்த் கம்பி இருக்கிறதா, பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறதா என்று செருகிய உடனே காட்டிவிடும். மாறியிருந்தாலும் சில சார்ஜர்கள் அடம்பிடிக்கும். எர்த் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லாது. அதற்கு எலெக்ட்ரீஷியன் வேண்டும். அடிக்கடி போய்த் தங்கும் மாமனார் வீடு, பங்காளி வீடு என்றால் ஒருமுறை செலவு செய்து நாலு சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., புது எர்த் குழி என்று ஒரு பாயிண்ட் போட்டுக் கொடுத்துவிடலாம். விலை கூடிய அடாப்டர் எதையும்விட இது பயன்படும். அந்த வீட்டு மனிதர்களுக்கும் இது பாதுகாப்பு.

தோட்டத்தில் தங்கும்போது இன்னொரு ஆசை வரும். கிணற்று மேட்டில் த்ரீ பேஸ் இருக்கிறதே, அதில் மாட்டினால் என்ன? மாட்டக் கூடாது. விவசாயத்துக்கு இலவசமாக வரும் மின்சாரத்தை வேறு வேலைக்கு எடுப்பது, 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அனுமதியில்லாத பயன்பாடு. இரட்டிப்புக் கட்டணம் போடலாம். மானியத்தில் ஓடும் விசைத்தறிக் கொட்டகை இணைப்புக்கும் இதே கதைதான். தவிர, த்ரீ பேஸ் கிடைத்தாலும் இங்குள்ள பெரும்பாலான கார்களுக்குள் இருக்கும் சார்ஜர் ஒரு பேஸில் 7.2 கிலோவாட் வரைக்கும்தான் எடுக்கும். வீட்டு இணைப்பில் ஏற்றலாம், சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால் ஒரே இரவில் 25 யூனிட் ஓடும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளுக்கான மானியமும் குறைந்து மொத்த பில்லும் ஏறிவிடும். உறவுக்காரர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். ஏற்றியவர்தான் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

மலைப் பயணத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுவது ஏறக்குறைய 1,900 மீட்டர். நான்கு பேரோடு 1,850 கிலோ வரும் காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே ஒன்பதரை யூனிட் வேண்டும். 30 யூனிட் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு அது. ஆகவே மேலே தங்கும் இடத்தில் சார்ஜ் வசதி இருக்கிறதா என்பதை லாட்ஜ் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். "15 ஆம்பியர் பாயிண்ட் இருக்குதுங்க" என்பார்கள். அது குளியலறை கீசர் பாயிண்ட்டாக இருக்கலாம், காருக்கு ஆகாது. வண்டி நிற்கும் இடத்தில், மழை படாத பாயிண்ட் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால், திரும்பும் நாளுக்கு முந்தைய இரவு 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இறங்கும்போது பிரேக்கிலிருந்து திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் வேண்டும். முழுவதும் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் அந்த மின்சாரத்தை வாங்க பேட்டரி மறுக்கும், கொண்டை ஊசி வளைவுகளில் எல்லா வேலையும் சாதாரண பிரேக்கின் தலையில் விழும்.