இருளும் சினமும்



மின்விசிறி நின்றவுடன் வீட்டில் முதலில் எழுவது சினம். நேரம் செல்லச் செல்ல அது தெருவிற்கு வருகிறது. நாட்கள் சென்றால் நெடுஞ்சாலையை மறிக்கிறது. அரியாங்குப்பத்து மக்களுக்கு இதனை எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் காலை 'தானே' புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. கம்பங்கள் சாய்ந்தன, கம்பிகள் அறுந்தன, பல வீடுகளில் புத்தாண்டு இருளிலேயே பிறந்தது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் 'ஃபெஞ்சல்' புயலும் புதுவையை இருளிலும் வெள்ளத்திலும் ஆழ்த்தியது.

புயலை இயற்கையின் செயலென்று பொறுத்துக்கொண்டோம். 2022 செப்டம்பர் இறுதியில் வந்த இருளோ மனிதர் செயலால் வந்தது. மின் விநியோகத்தைத் தனியாரிடம் ஒப்படைக்க ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டதும், புதுவை மின்துறை ஊழியர் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பழுதுகள் நீக்கப்படாமையால் பல பகுதிகள் இருண்டன. மக்கள் சாலை மறியல் செய்தனர். அக்டோபர் தொடக்கத்தில்தான் ஊழியர் பணிக்குத் திரும்பினர். ஊழியர் தம் பிழைப்புக்கு அஞ்சினர். அரசு தன் கொள்கையில் நின்றது. இடையில் தவித்தோர் யாவர்? கைக்குழந்தைக்கு விசிறியபடி விழித்திருந்த தாயும், மூச்சுக் கருவியை நம்பியிருக்கும் முதியவருமன்றோ!

இத்தகைய வேளையில் நம் சினம் யார்மேல் பாய்கிறது? முடிவெடுப்போர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே கம்பத்தில் ஏறும் தொழிலாளியையும், தொலைபேசியை எடுக்கும் எழுத்தரையும் ஏசுகிறோம். 'தானே' புயலுக்குப்பின் கடலூர் மாவட்டத்தில் கம்பம் நட வெளிமாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளரும் தம் மனைவி மக்களைப் பிரிந்து வந்தவரே. அவர்களை வைதால் விளக்கு விரைவில் எரியுமா?

ஆயினும், பொறுமை என்பது வாய்மூடி இருத்தலன்று. நுகர்வோர் குறைதீர் மன்றத்திற்கு 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் வழி செய்துள்ளது. அங்கு நிறைவு கிட்டாவிடில் மின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். சேவைத் தரம் தவறினால் நுகர்வோருக்கு இழப்பீடு உண்டென 2020-இல் வந்த விதிகள் கூறுகின்றன. எனவே மின்சாரம் நின்ற நாளையும் நேரத்தையும் புகார் எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். தெருவாரெல்லாம் கையொப்பமிட்டு ஒரே மனுவாக அளியுங்கள். நூறு பேர் எழுப்பும் கூச்சல் மறுநாள் மறக்கப்படும். எழுத்தில் தந்த முறையீட்டுக்கு மறுமொழி கேட்க நமக்கு உரிமையுண்டு.

அதுவரை அண்டை வீட்டாரை மறவாதீர். இன்சுலின் மருந்தை நீர் புகாதவாறு பொதிந்து மண்பானையின் குளிர்ச்சியில் காக்கலாம் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஜெனரேட்டரை வீட்டினுள் இயக்க விடாதீர். அதன் புகை உறங்குவோரின் உயிரைப் பறிக்கும். தனித்து வாழும் முதியோர் எவரென இன்றே எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை விளக்கு அணையும்போது, மின் அலுவலகத்திற்குப் புறப்படுமுன் அவர்தம் கதவைத் தட்டுங்கள்.