பேச்சு வராத குழந்தைக்கு முதலில் காதைப் பாருங்கள்

இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லையா? “அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்” என்ற பதில் நம் வீடுகளில் தயாராக இருக்கிறது. சில பிள்ளைகள் தாமதமாகப் பேசத் தொடங்கித் தேறிவிடுவதும் உண்மைதான். ஆனால் தேறப்போகிற பிள்ளை எது, உதவி தேவைப்படுகிற பிள்ளை எது என்று சும்மா காத்திருந்து கண்டுபிடிக்க முடியாது. அதற்குள் மூளை மொழியை வேகமாகப் பற்றிக்கொள்ளும் ஆண்டுகள் கடந்துவிடும்.

பிள்ளைகள் ஒரு வயதையொட்டி முதல் சொல்லைச் சொல்வார்கள். இரண்டு வயதில் “பால் வேணும்”, “அப்பா எங்க” என்று இரண்டு சொற்களைச் சேர்ப்பார்கள். இது நடக்காதபோது பலர் நாக்கில் வசம்பு தேய்க்கிறார்கள். முதலில் சோதிக்க வேண்டியது காதை.

“பின்னால நின்னு கை தட்டினா திரும்புறானே” என்பார்கள். ஓரளவு கேட்கும் திறன் உள்ள குழந்தையும் கைதட்டலுக்குத் திரும்பும். ஆனால் ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் அதன் காதில் விழாமல் போகலாம். அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்தாலும் இதே நிலைதான். தமிழ்நாட்டில் இந்தக் கவலை இன்னும் கூடுதலாக வேண்டும். சொந்தத்தில் திருமணம் செய்வது இங்கே அதிகம். பிறவிச் செவித்திறன் குறைபாட்டுக்கான வாய்ப்பை அது கூட்டுகிறது.

காது நன்றாக இருந்தால் ஆட்டிசம், மொழி வளர்ச்சிக் கோளாறு போன்றவற்றைப் பார்க்க வேண்டும். மொழி வளர்ச்சிக் கோளாறு உள்ள பிள்ளைகள் பலருக்கு நாம் பேசுவதே முழுதாகப் புரியாது. வீட்டிலோ ‘சொன்ன பேச்சு கேட்காதவன்’ என்று பெயர் வாங்கி அடி வாங்குகிறார்கள். இது பெரிய அநியாயம்.

உதவிக்கு வழியில்லாமல் இல்லை. 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், காதுக்குள் செவிக்கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை இலவசம். ஆனால் இதன் பலன் எவ்வளவு சீக்கிரம் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. குறையைக் கண்டுபிடிப்பதே நான்கு வயதில் என்றால் பலனில் பெரும்பகுதி போய்விடும்.

பச்சிளம் குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் காதைச் சோதித்துவிடலாம். ஊசி கிடையாது, வலி கிடையாது. இங்கிலாந்தில் 2006 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை கிடைக்கிறது. தமிழ்நாட்டிலும் தனியார் மருத்துவமனைகள் உட்பட எல்லாப் பிரசவ வார்டுகளிலும் அரசு இதைக் கட்டாயமாக்கி, முடிவைத் தடுப்பூசி அட்டையில் எழுதித் தரச் செய்ய வேண்டும். சிலருக்குக் குறை பிறகுதான் வருகிறது என்பதால், அங்கன்வாடியில் சேர்க்கும்போது இன்னொரு முறையும் சோதிக்க வேண்டும்.