பாக்டீரியாவைக் கொல்லணுமா? கொட்டும்போதே கொல்லுங்க!

போன மாசம் பிட்ஸ்பர்க் பக்கம் நண்பர் ஒருத்தர் வீட்டுக்குப் போயிருந்தேன். வழியில ஒரு ஓடை. தண்ணி, கல்லு எல்லாம் ஆரஞ்சு கலர். "சாயப்பட்டறை ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டேன். "இல்லைங்க, பழைய நிலக்கரிச் சுரங்கம். கம்பெனி எப்பவோ போயிடுச்சு, தண்ணி மட்டும் நிக்கல"ன்னார். பென்சில்வேனியாவுல மட்டும் 5,000 மைலுக்கு மேல ஓடைகள் இப்படிக் கெட்டுக் கிடக்கு.

பொட்டி தட்டுறவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்காதீங்க. திரும்பி வந்து தேடிப் படிச்சேன், கடுப்பாயிடுச்சு.

நிலக்கரியோட பைரைட்னு ஒரு கனிமமும் வெளியே வருது. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. காத்தும் தண்ணியும் பட்டா கந்தக அமிலம் உண்டாகும். தானா நடந்தா ரொம்ப மெதுவாத்தான் நடக்கும். ஆனா அசிடிதயோபாசில்லஸ் ஃபெர்ரோஆக்ஸிடன்ஸ்னு (மூச்சு வாங்குது!) ஒரு பாக்டீரியா இருக்கு. இதுல முக்கியமான கட்டத்தை, அதாவது கரைஞ்ச இரும்பு ஆக்ஸிஜனோட சேர்றதை, பாக்டீரியா சுமார் பத்து லட்சம் மடங்கு வேகப்படுத்துதுன்னு சிங்கர், ஸ்டம்ம்னு ரெண்டு பேர் 1970லயே எழுதிட்டாங்க.

அதைக் கொல்ற மருந்து ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. சோடியம் லாரில் சல்ஃபேட். உங்க ஷாம்பூவுல நுரைக்காகப் போடுற அதே சரக்கு. வெளியே எவ்வளவு அமிலம் இருந்தாலும் உள்ளே விடாம பாக்டீரியாவை ஒரு சவ்வு காப்பாத்துது. இந்த மருந்து அந்தச் சவ்வைக் கெடுத்துடும். தான் உண்டாக்கின அமிலத்துலயே அது சாகும். அமெரிக்கச் சுரங்கப் பணியகம் 1980கள்லயே கழிவு மேடுகள்ல தெளிச்சுப் பாத்து பலன் கண்டாச்சு.

"மழை பெஞ்சா கரைஞ்சு போயிடும், தற்காலிகம்தானே?"ன்னு ஒரு கேள்வி வரும். வாஸ்தவம். அதுக்குத்தான் மெதுவாக் கரையுற உருண்டைகள் வந்துச்சு. சில வருஷம் தாக்குப்பிடிச்சா போதும். அதுக்குள்ள மேல நல்ல மண்ணு போட்டு, புல்லு வேர் புடிச்சிட்டா, உள்ளே போற ஆக்ஸிஜனும் தண்ணியும் குறையும். நிலம் மீண்டுடும்.

ஆனா இதெல்லாம் புதுசாக் கொட்டுற கழிவுக்குத்தான். அம்பது வருஷம் முன்னாடி மூடின சுரங்கத்துக்குள்ள யார் போய்த் தெளிக்கிறது? அப்புறம் சுண்ணாம்பைக் கொட்டிக்கிட்டே இருக்கணும், காலத்துக்கும். பக்கை ஃபிக்ஸ் பண்ணாம தினம் ராத்திரி சர்வரை ரீஸ்டார்ட் பண்ற கதை. அதுவும் யார் செலவுல? 1977 சட்டத்துக்கு முன்னாடி கைவிட்ட சுரங்கங்களைச் சரிபண்ண 2021ல அமெரிக்க அரசு சுமார் 1,130 கோடி டாலர் ஒதுக்குச்சு. எல்லாம் ஜனங்க வரிப்பணம்.

பழசை விடுங்க, அப்ப மருந்து தெரியாது. இப்ப கொட்டுறவங்களுக்கு என்ன சாக்கு? பைரைட் இருக்கிற கழிவைக் கொட்டுற அன்னிக்கே, கம்பெனி காசுலயே, மருந்தும் மண்ணும் போடணும்னு கட்டாயமாக்கணும். அளவும் முக்கியம், அதிகமாப் போனா ஓடையில இருக்கிற மீனுக்கும் ஆபத்து. "அதான் தெளிச்சாச்சே"ன்னு ரசீதைக் காட்டிட்டு நழுவவும் விடக்கூடாது.

சோப்பு போட்டுக் கை கழுவுறது நல்ல பழக்கம்தான். சோப்பைத் தெளிச்சிட்டு ஊரையே கை கழுவுறது அயோக்கியத்தனம்.